அட்டைக்கடை – 9. யார் பேரில் திறப்பது?

கடையில் கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் அதன் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அன்றைக்கும் போனேன்.

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு அட்டைக்கடை. பட்டுப்புடவையில் அன்னமும் மாங்காயும் தானாக வந்து விழுவதில்லை. தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் கோவையாகச் சுற்றி வரும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி பூ விழும். அந்த அட்டையை அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. என் காலத்தில் கையால் அடித்தோம். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மிஷின் அடிக்கிறது.

என் மூத்த மகன் ஜாஹிர், இரண்டு மாதத்துக்கு முன்னால் தறிக்கார கதிர்வேல் வீட்டில் அட்டைக்கோவையை மாட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவி நிக்கத் ஒலிமுகமதுபேட்டை வீட்டில் இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டக் கூடாது. எங்களில் அதுதான் முறை. அவளைப் பாபி, அதாவது அண்ணி என்று கூப்பிடுகிற என் இளையவன் மொஹசின் கூட, கொழுந்தனும் அவளை நேரில் பார்க்கக் கூடாது என்பதால், கடை மாடியில் படுத்துக்கொள்கிறான். கடைக்கு டிசைன் வரைகிறவள் நிக்கத். ஊர் அதை ஜாஹிர் டிசைன் என்று சொல்லும். வரைகிற கம்ப்யூட்டர் கடையில் இருந்தது. வரைகிறவள் வீட்டில்.

போன வாரம் மொஹசின் ஒரு யோசனை செய்தான். ஆளைக் கடைக்குக் கொண்டுவர முடியாது, அதனால் கடையை ஆளிடம் கொண்டுபோகலாம் என்று கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினான். நானும் சரி என்றேன். வேகத்தடையில் ஆட்டோ எகிறியது. பெட்டி உருண்டு சாக்கடைக்குள் போனது. என் இடுப்பில் இருந்த சாவி மட்டும் பிழைத்தது.

சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. பெருவிரல் அளவு கறுப்புக் குச்சி. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் திறக்கும். ஜாஹிர் வாங்கிவந்த நாளிலிருந்து, கடை மூடும்போது அதைப் பிடுங்கி என் பச்சை பெல்ட்டுக்குள் போட்டுக்கொள்வது என் பழக்கம். சாஃப்ட்வேரைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை நான் நம்புவதில்லை. குச்சியைப் பார்க்கலாம், தொடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் நிக்கத்தின் அண்ணன் ஆம்பூரிலிருந்து வருவதாக இருந்தது. இத்தா முடிந்ததும் தங்கையையும் என் பேத்தி சானியாவையும் அழைத்துப்போக வேண்டும் என்பது அவர் பேச்சு. "இனிமே அங்க அவளுக்கு என்ன இருக்குது?" என்று போனில் கேட்டிருந்தார். நல்ல மனிதர். கேட்டதும் நியாயம்தான். என்னிடம்தான் பதில் இல்லை.

காலையில் லக்ஷணா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சின்ன காஞ்சிபுரத்து அழகியமணவாளன் வாத்தியாரின் மகள். மொஹசினோடு படித்தவள்; ஆனாலும் சானியாவைப் பார்த்து என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். சென்னையில் ஒரு கம்பெனியில், வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது அவள் உத்தியோகம். பாதி நாள் வீட்டிலிருந்தே செய்கிறாள். அதையே நான் முழுசாக நம்பியதில்லை.

பெல்ட்டிலிருந்து குச்சியை எடுத்து நீட்டினேன்.

"இந்தா. உன் கம்ப்யூட்டர்ல செருகு. வேலையை ஆரம்பிக்கலாம்."

"அது இனிமே வேலைக்கு ஆகாது தாத்தா. சாஃப்ட்வேர் கம்பெனி அந்த முறையையே நிறுத்திட்டாங்க. கம்ப்யூட்டருக்குத் தர்றதில்லை. ஆளுக்குத்தான் தருவாங்க."

"ஆளுக்கா? ஆள் மேல எங்க செருகுவாங்க?"

மொஹசின் சிரித்தான். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

"டிரைவிங் லைசென்ஸ் மாதிரி தாத்தா," என்றாள். "அதை லாரிக்கா தர்றாங்க, டிரைவருக்கா? லைசென்ஸ் இருந்தா எந்த லாரியிலயும் ஏறி ஓட்டலாம் இல்ல?"

"லாரிக்கும் ஒண்ணு தர்றாங்க. ஆர்.சி. புக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தர்றாங்கதான். ஆனா இதுல ஆர்.சி. புக்கு கிடையாது."

"அதான் சொல்றேன். ஒண்ணு குறையுது."

"அப்பா, அவ சொல்லட்டும், இருங்க," என்றான் மொஹசின்.

அவள் லேப்டாப்பைத் திறந்துகொண்டே சொன்னாள். "எங்க ஆபீஸ்லயும் முன்னே இப்படித்தான். மூணாவது மாடியில ஒரு கம்ப்யூட்டர்ல கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும். அந்த சீட்டுல யார் போய் உக்கார்ந்தாலும் அவங்களுக்குக் கிடைக்கும். கணக்கு எழுதற அம்மாவுக்கு சீட் மாத்திட்டா, அவங்க வேலை இல்லாம நிப்பாங்க. இப்ப நான் அந்தம்மா பேருக்கே போட்டு விட்டுடறேன். அவங்க வீட்ல திறந்தாலும் சரி, வேற மாடியில திறந்தாலும் சரி, அவங்க வேலை அவங்க முன்னாடி வந்துடும்."

எனக்குத் தெரிந்த உலகத்தில் சீட்டுக்குத்தான் மரியாதை. கல்லாவில் உட்கார்ந்தவன் முதலாளி. ஆளுக்குக் கொடுத்தால் ஆள் எழுந்து போய்விடுவான். சீட் எங்கேயும் போகாது. இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது.

"வீட்ல திறந்தாலும் வரும்னியே. எங்க வீட்லயும் வருமா? நிக்கத்துக்கு?"

"அதுக்குத்தானே தாத்தா வந்திருக்கேன்."

சானியாவின் பாடத்துக்கு வாங்கிய லேப்டாப் வீட்டில் இருந்தது. அது போதும் என்றாள்.

கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு கை நின்றது. மொஹசினைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"கம்பெனிக்காரங்க பழைய குச்சிக்கு பதிலா ஒரு ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. உங்க கடையில அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஆள்தான்."

"யாரு?"

"ஜாஹிர் அண்ணா."

எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. குச்சி வாங்கியது ஜாஹிர் பேரில். கம்ப்யூட்டரைத் திறந்தால் 'நல்வரவு, ஜாஹிர்' என்று வரும். நிக்கத் வரைய உட்கார்ந்தாலும் அதுதான். மொஹசின் அட்டை அடிக்க உட்கார்ந்தாலும் அதுதான். ஒரு கடைக்கு ஒரு பேர் போதும் என்று நினைத்தோம். இப்போது கம்பெனி ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து, சாஃப்ட்வேரைக் கபர்ஸ்தானுக்கு அனுப்பிவிட்டது.

"உள்ளே போறதுக்கு அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும்," என்றாள் லக்ஷணா. "அந்த போன் இருக்கா?"

இருந்தது. நிக்கத் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் சார்ஜ் போடுகிறாள் என்று என் வீட்டுக்காரி ரம்ஜான் பீ சொல்லியிருந்தாள். யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு போன் போட்டேன்.

"நிக்கத், ஜாஹிர் போன்ல ஒரு நம்பர் வரும். பாத்து சொல்லும்மா."

அவள் அறைக்குப் போகும் கால் சத்தம் கேட்டது. பிறகு, "வந்திருக்குது மாமா. அவருக்கு வந்திருக்குது," என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்தாள்.

லக்ஷணாவின் லேப்டாப்பில் 'நல்வரவு, ஜாஹிர்' என்று வந்தது. அதன் பின்னால் சாக்கடையில் போய்விட்டது என்று நாங்கள் நினைத்த டிசைன் எல்லாம் வந்தது. கதிர்வேலுக்குப் போட்ட முந்தானை, அன்னத்துக்குக் கழுத்து வரைக்கும் வரைந்து அப்படியே நின்றிருந்தது. அந்த அட்டை வராமல்தான் அவர் தறியில் பாவு ஏற்றியபடி சும்மா நின்றது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

"ஜாஹிர் அண்ணா கம்பெனிகிட்ட ஒரு நகல் போற மாதிரி வச்சிருந்தார் போல தாத்தா."

என் பையன் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊரான் வீட்டில் நம் பொருள் எதற்கு என்று நிறுத்தியிருப்பேன்.

"இப்ப இந்தப் பேரை எடுத்துட்டு வேற ஒருத்தர் பேரைப் போடணும்," என்றாள் லக்ஷணா. "ரெண்டும் இருக்கட்டும்னா சாஃப்ட்வேருக்கு ஆளுக்கு ஒரு மாச வாடகை கேப்பாங்க."

"மௌத்தானவனுக்கு வாடகை கட்ட என்னால முடியாது. உயிரோட இருக்கிறவனுக்கே இழுபறி."

"அப்ப ஒரு பேர்தான். யார் பேர் போடட்டும்?"

"நிக்கத்," என்றேன் நான்.

"என் பேர்," என்றான் மொஹசின்.

ஒரே நேரத்தில் சொன்னோம். லக்ஷணா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீ எங்கடா வரையற?" என்றேன். "உனக்கு ஒரு மாங்காய் போடத் தெரியுமா?"

"தெரியாது. ஆரணியில ஒரு ஆள் இருக்கான். கூப்பிட்டு உக்கார வச்சிப்பேன்."

"அவர் உன் பேர்ல உக்காரக் கூடாது மொஹசின்," என்றாள் லக்ஷணா. "மறுபடியும் இதே குழப்பம்தான் வரும்."

"அது அப்புறம் பாத்துக்கலாம். அப்பா, நான் பாபிக்கு எதிரா சொல்லல. பாபியோட அண்ணன் இன்னிக்கு வர்றார். கூட்டிக்கினு போயிட்டார்னா? பேர் அவங்களோட போயிடும். நம்ம கையில இன்னா இருக்கும்? இன்னொண்ணு. டிசைன் தாள் ஓரத்துல வரைஞ்சவங்க பேர் அச்சாகும். இத்தாவுல இருக்கிற பொம்பளை பேர் எல்லாத் தறிக்காரர் வீட்டுக்கும் போவும். இத்தனை நாள் ஜாஹிர் டிசைன்னு வந்து வாங்கினவங்க வாங்குவாங்களா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. அண்ணன் போனபிறகு கடையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான். பயந்து பேசினான், பேராசையில் பேசவில்லை.

அந்த நேரம் கதிர்வேல் வாசலில் செருப்பை விட்டார்.

"இன்னா பாய், அட்டை எதுனா தேறுமா? கல்யாண வீட்டுக்காரங்க நேத்து கூட புடவை கேட்டு ஆளை அனுப்பிட்டாங்க. இந்த வாரத்துக்கு மேல அவங்களை நிறுத்த முடியாது. வேற கடையில வாங்கிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கால் வரல. ஜாஹிர் மாட்டின கோவை இன்னும் பாதியில தொங்கிக்கினு இருக்குது."

"டிசைன் கிடைச்சிடுச்சு," என்றேன். "வரையறதுக்குத்தான் ஆள் யாருன்னு பேசிக்கினு இருக்கோம்."

"ஆள் யாருன்னா? எப்பவும் வரையற பொண்ணு இல்லையா?"

மொஹசின் நிமிர்ந்தான். "எந்தப் பொண்ணு?"

"உங்க அண்ணிதான்ப்பா. வேற யாரு? ஜாஹிர் தறிக்கு வந்து உக்கார்ந்து கேப்பான். ஜக்கார்டுல எத்தனை கொக்கி, எவ்ளோ அகலம், எங்க இடிக்குதுன்னு. அதுல அவனை மாதிரி ஆள் கிடையாது. ஆனா அவன் பென்சில் புடிச்சு ஒரு கோடு போட்டா, பாம்பு போன மாதிரி இருக்கும். நாங்க பாக்கலியா?"

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல. அவ்ளோதான்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். மறைத்து வைத்திருந்ததாக நினைத்தது நாங்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

மொஹசின் லக்ஷணாவிடம், "பாபி பேரே போடு," என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

"அட்டை அடிக்கிறவர் டிசைனைத் திறந்து பாக்கறதுக்கு சும்மாவே ஒரு பேர் தருவாங்க," என்றாள் அவள். "வரைய முடியாது. பாத்து அடிக்கலாம்."

"என் பேர்லயா?"

"உன் பேர்லதான். 'நல்வரவு, மொஹசின்'னு வரும்."

அவன் மிஷின் மேல் இருந்த துணியை எடுத்து உதற ஆரம்பித்தான்.

"பேர் மாத்தறதுக்கு இன்னொரு நம்பர் வரும்," என்றாள் லக்ஷணா. "அதே போனுக்கு. இந்த ஆளை எடுக்கலாமான்னு கேக்கும்."

மறுபடி போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். உன் பேரில் வருகிறது, வீட்டிலிருந்தே வரையலாம், நம்பரை மட்டும் சொல் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பேரை எடுக்கறாங்க மாமா?"

"ஜாஹிர் பேரைத்தான். ஒண்ணுதான் வச்சிக்க முடியும்."

"நம்பர் வந்திருக்குது," என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டாள். திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை.

லக்ஷணா, "கொஞ்ச நேரத்துல அந்த நம்பர் செல்லாம போயிடும். பரவாயில்ல, வேற அனுப்பலாம். நீங்க போய்ப் பேசுங்க தாத்தா," என்றாள்.

சைக்கிளை எடுத்தேன். வெயிலில் மிதித்துக்கொண்டு போகும்போது கோபம்தான் வந்தது. ஒரு பேரை எடுக்க இவ்வளவா? ஆள் போய்விட்டான். பேர் என்ன செய்யும்? அவன் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தவன் நான்.

வீட்டில் ரம்ஜான் பீ கதவைத் திறந்தாள். "என்ன சொல்லிட்டீங்க அவளை? சாப்பிடாம உக்கார்ந்துக்கினு இருக்குறா. அவ அண்ணன் வேற ஆம்பூர்ல இருந்து கிளம்பப் போறானாம்."

நிக்கத் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜாஹிரின் போன் மடியில் இருந்தது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாது எனக்கு. தண்ணீர் கேட்டேன். எழுந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"கடையைத் திறந்ததும் மொதல்ல நான்தான் கம்ப்யூட்டரைப் போடுவேன் மாமா," என்றாள். "நல்வரவு ஜாஹிர்னு வரும். அவர் பின்னால நின்னுக்கினு, 'வந்துட்டேன்'னு சொல்வார். தினமும் அதே ஜோக். எனக்கு எரிச்சலா இருக்கும். வேற எதுனா சொல்லுங்களேன்னு திட்டுவேன்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"ரேஷன் கார்டுல பேரை எடுத்தாச்சு. கரண்டு பில்லுல மொஹசின் மாத்திட்டான். தப்பில்ல, மாத்தித்தான் ஆவணும். ஆனா அதையெல்லாம் வேற யாரோ செஞ்சாங்க. இதை என்னைச் செய்யச் சொல்றீங்க. எடுக்கலாமான்னு அவர் போன்லயே கேக்குது. நான் ஆமான்னு சொல்லணும்."

"சொல்லாத," என்றேன். "கதிர்வேல் வேற கடைக்குப் போவாரு. சாயங்காலம் உன் அண்ணன், இங்க அவளுக்கு என்ன இருக்குதுன்னு கேப்பாரு. நான் வாயை மூடிக்கினு நிப்பேன்."

"இது எனக்காகவா மாமா, கடைக்காகவா?"

"ரெண்டுக்கும்தான். உனக்காக மட்டும்னு சொன்னா பொய்."

அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். பொய் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெயிலில் வந்ததில் இடுப்பு வேர்த்து அரித்தது. பெல்ட்டைத் தளர்த்தினேன். உள்ளே இருந்த குச்சி வழுக்கிக் கட்டிலில் விழுந்தது.

நிக்கத் அதைப் பார்த்தாள். "கம்ப்யூட்டரே போயிடுச்சு. இதை இன்னுமா கட்டிக்கினு இருக்கீங்க?"

"ஆமா."

"லக்ஷணா ஒண்ணும் சொல்லலியா?"

"இனிமே ஒண்ணும் திறக்காதுன்னுது அந்தப் பொண்ணு. எனக்கும் புரிஞ்சிது. ஆனா கழட்டி வச்சா இடுப்பு காலியா இருக்குது. நடக்கவே ஒரு மாதிரி இருக்குது."

"அவர் வாங்கிக்கினு வந்தது."

"அவன்தான் வாங்கிக்கினு வந்தான். மொத நாள் என் கையில குடுத்து, 'அப்பா, கடையே இதுக்குள்ள இருக்குது, பத்திரம்'னான். தூங்கும்போதும் கழட்டினதில்ல."

இரண்டு பேரும் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதையும் திறக்காத சாவி ஒன்று என்னிடம். யாரும் கூப்பிடாத போன் ஒன்று அவளிடம். அவளைத் திட்டத்தான் சைக்கிள் மிதித்து வந்தேன். திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை.

"நீங்க அதை என்கிட்ட குடுங்க," என்றாள். "நான் நம்பரைச் சொல்றேன்."

நான் உடனே கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கை நீளவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் உள்ளங்கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வைத்தேன். அவள் அதை ஜாஹிர் போனோடு சேர்த்து, அவனுடைய பழைய கைக்குட்டையில் முடிந்தாள். போனின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

லக்ஷணாவைக் கூப்பிட்டேன். போன் ஒரு முறை அதிர்ந்தது. நிக்கத் படித்தாள். கடைசி எண்ணில் நின்றாள். நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் லக்ஷணாவும் கேட்கவில்லை. பிறகு அதையும் சொன்னாள்.

சானியாவின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, லக்ஷணா போனில் சொல்லச் சொல்லத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் வந்தது. 'நல்வரவு, நிக்கத்.' அதன் பின்னால், கழுத்தோடு நின்ற அந்த அன்னம், விட்ட இடத்தில் விட்டபடி.

"அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றாள் லக்ஷணா. "பழைய டிசைன் எல்லாத்துலயும் ஓரத்துல ஜாஹிர் அண்ணா பேர்தான் இருக்கும். அது அழியாது. இனிமே போடறதுலதான் உங்க பேர் வரும்."

நிக்கத் ஒரு பழைய டிசைனைத் திறந்தாள். ஓரத்தில் ஜாஹிர். இன்னொன்று. ஜாஹிர். மூன்றாவதையும் திறந்து பார்த்தாள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா உனக்கு?" என்று போனில் கத்தினேன். "வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு வந்திருக்கேன்."

நிக்கத் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. உடனே முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அன்னத்துக்குத் தலை வரைய ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் போய்த் திரும்பியபோது முந்தானை முடிந்திருந்தது. மொஹசின் போன் செய்தான். "பாபி, உங்க பேர்ல வந்துடுச்சு. அடிக்கட்டுமா?" அடி என்றாள். மிஷின் ஓடும் சத்தம் போன் வழியாக வந்தது. கதிர்வேல் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அட்டை விழ விழ எடுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறாராம்.

லக்ஷணா வீட்டுக்குப் போகிற வழியில் லேப்டாப்பை ஒரு தடவை சரிபார்க்க வந்தாள். ரம்ஜான் பீ அவளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தபோதே வாசலில் கார் சத்தம் கேட்டது.

நிக்கத்தின் அண்ணன் சலாம் சொல்லி உள்ளே வந்தார். தங்கை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"இத்தாவுல வேலையா?"

"வீட்டுக்குள்ள இருந்து செய்யறதுக்குத் தடையில்லைன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லிட்டார்," என்றேன். நான் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தேன். யாராவது ஒருத்தர் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அவர் உட்கார்ந்தார். சானியா ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த பதிலைச் சொன்னேன்.

"இங்க அவளுக்கு என்ன இருக்குதுன்னு கேட்டீங்க. இதோ இருக்குது. கடையோட வேலை, அவ பேர்லயே. இனிமே தாள் ஓரத்துல அவ பேர்தான் வரும். இன்னொருத்தர் வந்து உக்கார முடியாது."

சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மறுக்கவில்லை.

அவர் திரையைக் கவனமாகப் பார்த்தார். ஓரத்தில் தங்கையின் பேரைப் படித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"மாஷா அல்லா. என் கவலையே அதுதான் சாஹிப். சும்மா உக்கார்ந்திருந்தா இவ உடைஞ்சு போயிடுவா. வந்தா அங்க இன்னா செய்வான்னு யோசிச்சிக்கினுதான் வந்தேன்." பிறகு லக்ஷணாவைக் கேட்டார். "இந்த லேப்டாப்புல மட்டும்தான் வருமாம்மா?"

"இல்ல சார்," என்றாள் அவள், டீயை ஊதிக்கொண்டே. "எதுல திறந்தாலும் வரும். லேப்டாப் முக்கியமில்ல. ஆள்தான் முக்கியம்."

"ஆம்பூர்லயும்?"

"ஆம்பூர்லயும்தான்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் அவர். மனசாரச் சொன்னார். "வேலையையும் கூட்டிக்கினு வரட்டும். உங்க கடையும் நிக்காது, இவளும் எங்க கண் முன்னாடி இருப்பா. யாருக்கும் நஷ்டமில்ல."

ரம்ஜான் பீ டீ தம்ளரோடு நடுவழியில் நின்றுவிட்டாள். மொஹசின் காலையில் சொன்னது என் காதில் திரும்ப ஓடியது. ஆளுக்குக் கொடுத்தால் ஆளோடு போகும். அதைக் கேட்டபிறகும் அவள் பேரைத்தான் போடச் சொன்னவன் நான்.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. பெல்ட் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நிக்கத் வரைந்ததைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் டீயைக் குடிங்க," என்றாள். "எங்க இருந்து வரையறதுன்னு நான் சொல்றேன்."